நீதியரசர் ஞானசெல்வி அம்மாவின் இடத்தில் யார் பேர் பதிவது?

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. என்னோடு நீதிமன்றத்தில் வேலை செய்த பழைய எழுதுவினைஞர் போனில் பேசினார். "முதலியார் ஐயா, நம்ம ஞானசெல்வி அம்மா போய்ட்டாங்க. காலையில கோர்ட்டுக்குப் பொறப்படும்போது நெஞ்சு வலியாம்." ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த அழைப்பு ஒரு சட்டத்தரணியிடமிருந்து. "உயர் நீதிமன்றத்துல அந்த எடத்துக்கு யாரைப் போடுவாங்கன்னு ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" எனக்கு வந்ததே கோபம்! "உடம்பு இன்னும் வீட்டுக்கே வரலைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீதியரசர் ஞானசெல்வி அவர்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். தாயார் கொழுந்து எடுத்துப் படிக்கவைத்தார். நான் ஹட்டனில் சாட்சிகள் பேசும் தமிழைச் சிங்களத்தில் சொல்லும் நீதிமன்ற முதலியாராக இருந்த காலத்தில், அவர் அங்கே நீதவானாக வந்தார். 'நம்ம ஆள் வந்துட்டாங்க' என்று சனம் பூரித்துப்போனது. அந்தப் பூரிப்பை அவர் முதல் வாரமே ஆற்றிவிட்டார். "அம்மா, நாங்களும் உங்க தோட்டந்தாங்க" என்று கூண்டில் நின்ற ஒருவர் குழைந்தார். "அப்படியா? அப்ப உங்களை இன்னும் நல்லா விசாரிக்கணும்" என்றார் அம்மா. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால், காது கொடுத்துக் கேட்பார். நம்முடைய பெண்கள் ஓர் அடிதடியைச் சொல்வதற்குத் திருவிழாவில் காப்புக் கட்டியதிலிருந்து ஆரம்பிப்பார்கள். சட்டத்தரணிகள் நெளிவார்கள். "சொல்லட்டும் விடுங்க. அவங்க பேசுறதைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்பார்.

படிப்படியாக ஏறி, நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது பேசிக்கொள்வோம். ஒருநாள் அவரே அழைத்தார். "பூண்டுலோயா வழக்குல உங்க அக்கா இருக்காங்களாமே? இனி அது முடியிற வரைக்கும் எனக்கு போன் எடுக்காதீங்க." சொன்னதோடு வைத்துவிட்டார். எனக்கு வருத்தந்தான். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவேயில்லை.

பூண்டுலோயாவில் என் அக்கா ராமாயி இருக்கும் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. மண் சரியும் இடம், வெளியேறுங்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கே போவது என்பதை யாரும் சொல்லவில்லை. வீடு கட்டப் பாதுகாப்பான காணி கேட்டு லயத்தார் போட்ட வழக்கு, அம்மா உட்பட மூன்று நீதியரசர்கள் முன்னால் நடந்தது. வாதங்கள் முடிந்து தீர்ப்பு மட்டுமே பாக்கி இருந்தது. அப்போதுதான் அம்மா கண்ணை மூடினார்.

பொகவந்தலாவையில் அடக்கம். அக்காவும் லயத்து ஆட்களும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அம்மா எடத்துல யாரு பேர் பதியுறாங்க? மகளுக்குத்தானே?"

தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி இறந்தால், அந்த இடத்தில் பிள்ளைக்குப் பேர் பதிவது எங்களுக்குப் பழகிப்போன வழமை. தாய் போனால் மகள் கூடையை எடுப்பாள். அக்கா அதைத்தான் கேட்டாள்.

"அந்தப் புள்ளையும் அம்மா சாடைதான். நாங்க எல்லாரும் கையெழுத்து வச்சுக் குடுக்குறோம்."

அந்தப் பிள்ளை பல் வைத்தியர். பக்கத்தில் நின்ற கொழும்புச் சட்டத்தரணிகள் இருவர் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை அவர்களும் அந்த இடத்தைப் பற்றித்தானே குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்! யாருக்கு மூப்பு, யாருக்கு மேலிடத்தில் செல்வாக்கு என்று.

"அது அப்படி இல்லக்கா. ஜனாதிபதி ஒருத்தரோட பேரைச் சொல்லுவாரு. அரசியலமைப்புப் பேரவை சம்மதிக்கணும்."

"சரி, யாராவது வரட்டும். வர்றவங்க தீர்ப்பைச் சொல்லிருவாங்கள்ல?"

எத்தனையோ பேருக்குத் தண்டனையைத் தமிழில் சொன்ன வாய் இது. அதே வாயால் இதையும் சொன்னேன். "வாதத்தைக் கேக்காதவங்க எப்படித் தீர்ப்புச் சொல்றதுக்கா? மறுபடியும் முதல்ல இருந்து நடக்குமாம். உங்க வக்கீல்தான் சொன்னாரு."

"முதல்ல இருந்தா?" அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சொல்லுவோம் தம்பி. எத்தனை தடவைன்னாலும் சொல்லுவோம். அதுவரைக்கும் மலை சும்மா இருக்குமா?"

இப்போது அந்த இடம் நிரம்பிவிட்டது. புதியவர் சத்தியப்பிரமாணம் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நல்ல மனிதர் என்கிறார்கள். இருக்கட்டும், அவர்மீது எனக்கு என்ன கோபம்? வழக்கு எடுக்கும் தவணை நாளோ மழைக்காலம் கழிந்த பிறகுதான்.

நேற்று அக்காவுக்கு போன் எடுத்தேன். அங்கே விடாத மழை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படுக்க அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் லயத்திலேயே இருக்கிறார்களாம். "பைத்தியமா ஒனக்கு? எறங்கி வாக்கா!" என்று கத்தினேன்.

"ஆள் இல்லாத லயத்துக்கு யாரு தம்பி காணி குடுப்பா? கேஸ் நடக்குதுல்ல" என்றாள்.

அம்மா, நீங்கள் அமைதியாக உறங்குங்கள். அந்த மலைக்குக் கீழே யாரும் இன்னும் உறங்கவில்லை.