சனிக்கிழமைக் கார்டு

1. ஏ.டி.எம். விழுங்கியது

அன்று சனிக்கிழமை. வாரச் சம்பளம் அக்கவுண்டில் ஏறி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்றாவது லைன் டெய்லர்கள் மொத்தமாக வந்து என் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவில் மாரிச்செல்வி அழுதுகொண்டு நின்றாள். அயர்னிங் மாஸ்டர் பழனிச்சாமி திருடனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஏ.டி.எம். மிஷின் மாரிச்செல்வி கார்டை முழுங்கிப்போடுச்சுங்க" என்றார் பழனிச்சாமி.

"எப்படி?"

"ஸ்டிக்கர் உள்ள மாட்டிக்கிச்சுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கையில் வைத்திருந்த மற்ற கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். புரிந்தது. தலை சுற்றியது.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவள் நான். பஞ்சிங், ஓ.டி., பி.எஃப்., சம்பளம் எல்லாமே என் மேஜையைத் தாண்டித்தான் போகும். சம்பளம் கவரில் இருந்து பேங்குக்கு மாறியபோது எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்தது. சனிக்கிழமை ஏ.டி.எம். வாசலில் கோயில் திருவிழாக் கூட்டம் நிற்கும். எல்லாரும் போய் நிற்பானேன் என்று, லைனுக்கு ஒருவர் அத்தனை பேர் கார்டையும் வாங்கிக்கொண்டு போய்ப் பணம் எடுத்து வருவார். பழனிச்சாமி அப்படிப்பட்ட ஆள். ஒரு ரூபாய் கூடக் குறையாமல் கொண்டுவந்து தருவார். ஆனால் யார் கார்டுக்கு எந்த பின் நம்பர் என்பது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

கட்டிங் டிபார்ட்மென்ட்டில் துணியை வெட்டியதும், ஒரு சட்டையின் முன்பக்கமும் கையும் கலர் மாறாமல் ஒன்று சேரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பீஸிலும் சின்னதாக நம்பர் ஸ்டிக்கர் அடிப்பார்கள். இவர்கள் அந்த ஸ்டிக்கர் அடிக்கும் துப்பாக்கியை, 'கன்' என்போம், இரவல் வாங்கி, பின் நம்பரை அடித்து, அவரவர் கார்டின் மேலேயே ஒட்டிவிட்டார்கள்! பூட்டிய வீட்டுக் கதவிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊரிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது.

"மேடம், மிஷின் காசு பூரா அதுலதான் இருந்துச்சு. எல்லாம் போச்சா?" என்று தேம்பினாள் மாரிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பனியன் ஓரத்தை மடித்துத் தைக்கும் ஃப்ளாட்லாக் மிஷினில் அவளை மிஞ்ச எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது.

"கார்டுக்குள்ள காசு இருக்காது, கண்ணு. காசு பேங்க்ல பத்திரமா இருக்கு. கார்டு வெறும் சாவி. முதல்ல சாவியைச் செல்லாததாக்கணும், போனை எடு" என்றேன். என் மேஜையிலேயே போன் போட்டு கார்டை பிளாக் செய்தோம். மற்ற கார்டுகளில் இருந்த ஸ்டிக்கர்களை நானே நகத்தால் சுரண்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு இலவசம். பின் நம்பரை எல்லாரும் போனிலேயே மாற்றிய பிறகுதான் வெளியே விட்டேன்.

2. நல்ல பிள்ளைக்குக் கடன் இல்லை

மாரிச்செல்வி சொன்ன மிஷின் காசு எது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் கணவர் இசக்கிக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும் குழந்தை, அம்மா ஓ.டி. முடிந்து வரும் எட்டரை மணி வரைக்கும் மளிகைக்கடை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். கடைக்காரர் நல்லவர்தான். ஆனாலும் வீட்டுப்பாடம் எழுத வீடு என்று ஒன்று வேண்டுமே! வீட்டிலேயே ஒரு ஃப்ளாட்லாக் மிஷின் போட்டு கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தால் மகள் வரும்போது தானும் வீட்டில் இருக்கலாம் என்பதுதான் அவள் கணக்கு. மிஷின் விலையில் பாதியை ஓ.டி. காசில் சேர்த்துவிட்டாள். மீதிக்குக் கடன் வேண்டும். வாரவட்டிக்காரரிடம் வாங்கினால் மிஷின் அவருக்காகத்தான் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும்.

புது ஏ.டி.எம். கார்டு கேட்கப் போனபோது கூடவே கடனையும் கேட்டுவிடுவோம் என்று பெர்மிஷன் போட்டு நானும் போனேன். பேங்க் ஆபீசர் இளவயசுப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு கடன்கூட இல்லீங்களே."

"அது நல்லதுதானங்க?" என்றேன்.

"நல்லதுதாங்க மேடம். ஆனா வாங்கினா ஒழுங்கா கட்டுவாங்களா மாட்டாங்களான்னு சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடனே வாங்காமல் பிழைத்தவளுக்கு இது என்ன மரியாதை? ஆனால் அந்தப் பையன் வழியும் சொன்னார். கையில் இருக்கும் பணத்தை ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு தருவார்களாம். அன்றாடச் செலவை அதில் செய்து, தவறாமல் கட்டிவந்தால் ஒரு வருஷத்தில் சிஸ்டத்தில் அவளுக்கு நல்ல பேர் நிற்குமாம். பிறகு மிஷின் கடனுக்கு வரலாமாம்.

"கட்டாம விட்டா?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

"டெபாசிட்ல எடுத்துக்குவோம்மா."

அதாவது, மிஷினுக்குச் சேர்த்த பணம் முழுவதும் அந்த ஒரு கார்டுக்கு ஜாமீன். வெளியே வந்ததும் "வேண்டாம், புள்ள" என்றேன். ஏ.டி.எம். கார்டில் செலவு செய்தால் நம் பணம் நம் கண்ணெதிரே குறையும். இருப்பு தீர்ந்தால் ஏ.டி.எம். மிஷினே "பணம் இல்லை" என்று சொல்லிவிடும். கிரெடிட் கார்டு அப்படி இல்லை, கையில் காசே இல்லாத அன்றும் பல்லைக் காட்டிக்கொண்டு "வாங்க வாங்க" என்று கூப்பிடும். இதையெல்லாம் பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மக கடை வாசல்ல உக்காந்திருக்கா மேடம்" என்றாள். டெபாசிட் போட்டாள்.

3. புதன்கிழமை வந்த பில்

கார்டு வந்தது. முதல் மாதம் சந்தோஷமாகத் தேய்த்தாள். மளிகை, கேஸ், மகளுக்கு ஷூ, இசக்கிக்கு ஒரு போன். ஊதாரித்தனம் என்று எதையும் சொல்ல முடியாது. பில் கட்டவேண்டிய கடைசி நாள் ஒரு புதன்கிழமையில் விழுந்தது.

திருப்பூரில் புதன்கிழமை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறி, சந்தை, சினிமா. திங்கள்கிழமை சீட்டு. புதன்கிழமை யார் பையைத் துழாவினாலும் பஸ் சில்லறைதான் இருக்கும். பில்லில் இரண்டு தொகை போட்டிருந்தது. மேலே இருந்தது முழுத் தொகை, கீழே இருந்தது மினிமம். கீழே இருந்த சின்னத் தொகையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்திருக்கிறது. அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த மாதமும் அப்படியே செய்தாள். மூன்றாவது பில் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"மேடம், நான் ஒழுங்காத்தான கட்டுதேன்? இது ஏன் ஏறிக்கிட்டே போவுது?"

பார்த்தேன். மினிமம் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். மீதித் தொகைக்கெல்லாம் வட்டி ஓடும். அதுமட்டுமல்ல, பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் உப்பு புளிக்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். வாரவட்டிக்காரரைக்கூட வாசலில் பார்த்துப் பயப்படலாம், இவர் பையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்புள்ள, படிச்சுப் படிச்சுச் சொன்னனே! மிஷின் காசு முழுக்க அங்க அடமானத்துல கிடக்குது, நீ மினிமம் கட்டிப்போட்டு வந்திருக்கற!" என்று கத்தினேன். மேஜையில் நூல் வெட்டும் ட்ரிம்மர் கிடந்தது. "குடு அந்தக் கார்டை. இங்கயே வெட்டிப்போடறேன். இதெல்லாம் மாசச் சம்பளக்காரன் சமாச்சாரம். நம்ம ஊர்ல மாசம்னு ஒண்ணு எங்க இருக்குது? எல்லாம் வாரம்தான்!"

அவள் கார்டைக் கொடுக்கவில்லை.

"அப்ப வாரத்துக்கே கட்டுனா என்ன, மேடம்?"

"என்னது?"

"சனிக்கிழம சம்பளம் ஏறுதுல்ல? அந்த வாரம் தேய்ச்சத அன்னைக்கே கட்டிருதேன். அவுக பில்லு போடுத வரைக்கும் நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

"பில் வராம எப்படிக் கட்டுவ?" என்றேன். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டோம். பாட்டுப் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு பெண் பேசினாள். எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம் என்றாள். ட்ரிம்மரைக் கீழே வைத்தேன்.

பழைய பாக்கியைத் தீர்க்க இசக்கியின் புதுப் போன் விற்பனைக்குப் போனது. அவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் தன் ஓ.டி. காசையும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

4. என் மேஜையில் சனிக்கிழமை

அதற்குப் பிறகு வாராவாரம் இதுதான் நடந்தது. சம்பளம் ஏறியதும் மாரிச்செல்வி என் மேஜைக்கு வருவாள். போனைத் திறந்து அந்த வாரம் கார்டில் தேய்த்ததை அங்கேயே கட்டுவாள். கட்டிய பிறகுதான் பையைத் தூக்குவாள். எந்தச் செலவு எந்தக் கார்டில் என்பதையும் அவளே பிரித்துக்கொண்டாள். மளிகை, கேஸ், ஸ்கூல் ஃபீஸ் என்று முன்கூட்டியே தெரிந்த செலவெல்லாம் கிரெடிட் கார்டு. சந்தை, கறி, பூ, டீ, பஜ்ஜி, பார்த்ததும் ஆசைப்படும் வளையல் எல்லாம் அக்கவுண்டில் இருந்து நேராகப் போகவேண்டும்.

"ஆசைக்குக் கடன் வாங்கப்பிடாது மேடம். ஆசைய கையில இருக்க காசுலதான் வாங்கணும்" என்றாள்.

இரண்டு மூன்று பேர் அவளைப் பார்த்து வந்தார்கள். பிறகு லைனே வந்தது. கிரெடிட் கார்டு இல்லாதவர்கள்கூடச் சீட்டுப் பணத்தை என் மேஜையில் நின்று அனுப்பினார்கள். அந்த வழியாகப் போன மேனேஜர், "ஏனுங்க மேடம், இது டைம் ஆபீஸுங்களா, பேங்குங்களா?" என்றார்.

"டைம் ஆபீஸுதானுங்க சார். டைமுக்குக் கட்டறோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நடுவில் ஆர்டர் இல்லாத வாரங்களும் வந்தன. பாதி நாள் லைன் நின்றது. ஆனால் வாரத்துக்கு வாரம் கட்டிப் பழகியதால் வேலை இல்லாத வாரம் கார்டும் பையை விட்டு வெளியே வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் கட்டவேண்டியது கேஸுக்கு மட்டும்தான். மாதக் கடைசிப் பில்லுக்குக் காத்திருந்தால், வேலை இருந்த வாரத்தின் செலவு வேலை இல்லாத வாரத்தின் தலையில் விழுந்திருக்கும்.

வருஷம் திரும்பியதும் மறுபடி பேங்குக்குப் போனோம். அதே பையன். கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கவில்லை. "ஆரம்பத்துல கொஞ்சம் இடிக்குது. அப்புறம் ரெக்கார்டு பிரமாதமா இருக்குங்கம்மா" என்று அப்ளிகேஷனை நீட்டினார். மாரிச்செல்வி என் கையைப் பிடித்த பிடியில் மோதிர விரல் வலித்தது. நானும் அழுதேன், அதை மறைப்பானேன்?

5. கேட்கிறவர்களுக்கு

நான் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். இளசுகள் போன் செய்து, "மேடம், டெபிட் கார்டா கிரெடிட் கார்டா?" என்று கேட்கிறார்கள். என் மனசுக்கு இன்றைக்கும் டெபிட் கார்டுதான் நெருக்கம். போனில் ஸ்கேன் பண்ணுவதும் அதே அக்கவுண்ட்தான், அதே காசுதான். ஆனால் ஒருமுறை பெட்ரோல் பங்கில் என் டெபிட் கார்டை இரண்டு தடவை தேய்த்துவிட்டார்கள். பணம் திரும்பி வரும்வரை என் வீட்டுச் செலவுதான் இடித்தது. கிரெடிட் கார்டாக இருந்தால் பில்லைக் காட்டிச் சண்டை போட்டிருப்பேன், என் அக்கவுண்ட் அசையாமல் இருந்திருக்கும். அதனால் முன்பின் தெரியாத இடம், ஆன்லைன் கடை என்றால் கிரெடிட் கார்டைத் தேய்க்கச் சொல்கிறேன். அதில் மட்டும் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள், எடுத்த நிமிஷத்தில் இருந்தே வட்டி. மற்றபடி, உங்களுக்குச் சம்பளம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கே முழுவதையும் கட்ட முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்று தோன்றினால் வாங்க வேண்டாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போன வாரம் மாரிச்செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். முன்ரூமில் இப்போது இரண்டு மிஷின். துணைக்குப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறாள். சனிக்கிழமைதான். அந்தப் பெண் தன் ஏ.டி.எம். கார்டை மாரிச்செல்வியிடம் நீட்டி, "அக்கா, கடைப்பக்கம் போனா எனக்கும் பணம் எடுத்துட்டு வந்துருங்க" என்றாள். கார்டின் மேல் குட்டியாக ஒரு ஸ்டிக்கர்!

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிச்செல்வி அதைச் சுரண்டி எடுத்துவிட்டாள். "நம்பர் துணிப் பீசுக்கு ஒட்டுதது, புள்ள. இத மனசுல வச்சுக்க. நீயே போயி எடுத்துட்டு வா" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே என்னை மாதிரி அந்தப் பெண்ணுக்கு ஒரு வசவும் இலவசமாகக் கிடைத்தது.

எனக்கு டீ போட எழுந்தவள் கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். அன்று சனிக்கிழமையும் பள்ளி வைத்திருந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் பையை மிஷின் டேபிளுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அம்மா, பசிக்கி" என்றாள்.

மணி நாலு பத்து. மாரிச்செல்வி மிஷின் சுவிட்சை அணைத்துவிட்டு அவளுக்குச் சோறு போடப் போனாள்.