புனிதத் திங்கள்

ஒத்திலியா பர்ரகானுக்குச் சம்பளச் சட்டம் முழுவதும் தலைகீழ்ப் பாடம். வாய்தான் கட்டுக்குள் நிற்காது. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணக்குப் பார்ப்பவர்களை அங்கே அழைக்கிற மாதிரி 'கோன்ட்டா' என்றுதான் அழைப்பார்கள். செருப்புக் கம்பெனி, டெக்கீலா கம்பெனி, பொம்மைக் கம்பெனி என்று மாறி மாறிச் சம்பளம் போட்டே தலை நரைத்தவள். இரண்டு புருஷர்களை வழியனுப்பினாள், ஒருவரைக் கல்லறைக்கு, இன்னொருவரை அவருடைய அம்மா வீட்டுக்கு.

அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து பல் மருத்துவர் நாற்காலி விற்கும் கம்பெனி ஒன்று இந்த ஊரில் கிளை திறந்தபோது, ஆள் எடுப்பதும் சம்பளம் போடுவதும் அவள் பொறுப்பாயிற்று. ஏறின நாற்காலி இறங்க மாட்டேன் என்கிறது என்று டெக்சாஸ் பல் டாக்டர்கள் ஃபோன் செய்தால், இங்கிருந்து பதில் சொல்லி இறக்கிவிடுவார்கள்.

முதலாளி ஹால்வர்சன் நல்ல மனிதர்தான். எல்லை தாண்டினாலும் தன் ஊர்ச் சட்டம் கூடவே வரும் என்று நம்பியது ஒன்றுதான் குறை. வந்த புதிதில், கிறிஸ்துமஸ் போனஸை நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

"அது பரிசு இல்ல சார், சட்டம். டிசம்பர் இருபதுக்குள்ள எல்லாருக்கும் குடுத்தாகணும். உங்களத் திட்டுறவனுக்கும் சேர்த்து."

"என்னை யாரு திட்டுறா?"

"அதைச் சொல்லணும்னு சட்டத்துல இல்லையே சார்."

அங்கே ஃபோன் எடுப்பவர்களில் எவாரிஸ்தோதான் கெட்டிக்காரன். கோபமாகக் கூப்பிடுகிற டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டே ஃபோனை வைப்பார். அப்படிப்பட்டவன் திடீரென்று திங்கட்கிழமைகளில் வராமல் போனான். இரண்டாவது திங்களன்று வீடியோக் கூட்டத்தில் ஹால்வர்சன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, எங்கே ஆள் என்று கேட்டார். ஒத்திலியாவின் நாக்கு முந்திக்கொண்டது.

"இன்னைக்கு சான் லூனெஸ், சார்."

புனிதத் திங்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு புனிதர் எந்தக் கோயிலிலும் கிடையாது. ஞாயிறு குடித்த மப்பு தெளியாமல் திங்களன்று படுத்துக் கிடப்பவனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அறையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார்கள். ஹால்வர்சனோ முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டார். அவர் ஊரில் மதம் என்றாலே, எங்கே வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று முதலாளிகள் வக்கீலைத்தான் நினைப்பார்கள்.

"வாராவாரம் வருமா இந்த விசேஷம்?"

"தவறாம வரும் சார்."

"நம்பிக்கையில நாம தலையிடக் கூடாது. அவர் லீவுல இருந்துட்டுப் போகட்டும். எல்லாத் திங்களும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பின் ருசியில் விட்டுவிட்டாள். நாலாவது திங்களும் போனபிறகு, ஹால்வர்சன் தன் ஊரில் ஒரு மெக்சிகோக்காரர் நடத்தும் டாக்கோ கடையில், எங்கள் ஆட்கள் சான் லூனெஸைக்கூட விடாமல் அனுசரிக்கிறார்கள் என்று பெருமையடித்திருக்கிறார். கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு அர்த்தத்தையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கூப்பிட்டபோது ஹால்வர்சன் குரலில் பவ்யம் இல்லை.

"அந்தக் குடிகாரனை இன்னைக்கே அனுப்பிடுங்க. எங்க ஊர்ல, சாமான அள்ளிட்டுப் போன்னு ஒரு அட்டைப்பெட்டியக் கையில குடுத்தா முடிஞ்சுது."

"இங்க காரணத்த எழுத்துல குடுக்கணும் சார். காரணம் நிக்கலன்னா நஷ்டஈடு."

"காரணமா? முப்பது நாள்ல மூணு நாளுக்கு மேல அனுமதியில்லாம வரலன்னா நீக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க. நாலு ஆச்சு. எழுதுங்க."

எழுதிவிடலாம். அவள் கையெழுத்துப் போட்டால் எவாரிஸ்தோ நஷ்டஈடு இல்லாமல் வெளியே போவான், அவள் கிண்டலும் அவனோடு போய்விடும். எழுதாவிட்டால் முதலாளியை முட்டாளாக்கினவள் என்று அவளுக்கே சீட்டுக் கிழியும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும், சரிதான். ஆனால் இங்கே கத்தியது ஒரு தவளை, பாம்பு விழுங்கப்போவது வேறொன்றை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அனுமதியில்லாமன்னு எழுத முடியாது சார். எல்லாத் திங்களும் லீவுல இருந்துக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க."

"குடிச்சிட்டுத் தூங்குறதுக்கா அனுமதி குடுத்தேன்?"

"நான் கிண்டலுக்குச் சொன்னேன், நீங்க கும்பிட்டுட்டீங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்மேல. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

 ஹால்வர்சன் தணிந்த குரலில் கேட்டார்.

"சரி, நெஜமாவே அவர் ஏன் வரல?"

 ஒத்திலியாவுக்கு எவாரிஸ்தோவின் காப்பீட்டு எண் தெரியும், ரத்த வகை தெரியும், பிடித்தம் எவ்வளவு என்பது கடைசி சென்டாவோக் காசு வரை தெரியும். ஏன் வரவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. திங்கள் என்றதும் ஊரே செய்கிற முடிவைத்தான் அவளும் செய்திருந்தாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். எவாரிஸ்தோ ஆபீஸ் வாசலில் நின்று, காரக் குழம்பில் தோய்த்த ரொட்டியைச் சட்டையில் சிந்தாமல் தின்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, திங்கக்கிழமை எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு, கோன்ட்டா. அப்பாவுக்கு ரத்தம் சுத்திகரிக்கணும். மத்த நாளு தங்கச்சி கூட்டிட்டுப் போறா. திங்கக்கிழமை அவளுக்கு முடியாது."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள சான் லூனெஸ்னு எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளியும் சரின்னுட்டாராம். உண்மையச் சொன்னா அதுவும் போயிடுமோன்னு இருந்துட்டேன்." ரொட்டியைக் கீழே இறக்கினான். "நான் பீரைத் தொட்டதே இல்ல, கோன்ட்டா. வீட்டுல அப்பாவப் பாத்தது போதும்."

அவளுக்குக் கூசிப்போயிற்று. மன்னிச்சுக்கப்பா என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து ரொம்பக் காலமாகியிருந்தது.

மேலே போய் ஹால்வர்சனுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம், பேசி முடிவு செய்துகொண்டால் அது ஞாயிறாக இருக்க வேண்டியதில்லை என்றாள். அப்படியே மாற்றுங்கள் என்றார் அவர். ஞாயிறு வேலை பார்த்தால் அன்றைய சம்பளத்தோடு இன்னும் கால் பங்கு கொடுக்க வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னாள்.

"ஒத்திலியா, உங்கள அனுப்பியிருக்கணும்," என்றார் அவர். ஆனால் அனுப்பவில்லை.

புது ஒப்பந்தத்தில் வார ஓய்வு நாள் திங்கள் என்று அச்சாகியிருந்தது. எவாரிஸ்தோவின் கண் அந்த வரியிலேயே நின்றது. தப்பாக ஏதும் எழுதிவிட்டோமோ என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு, கோன்ட்டா. இதுல ஒரு நகல் குடுப்பீங்களா? எங்கப்பாவுக்குக் காட்டணும். இந்தத் திங்கக்கிழமைக்காக அவர எத்தன கம்பெனியிலேருந்து தொரத்தியிருக்காங்க தெரியுமா?"