வலைக்கு நடுவில்

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். தறிக் குடோனுக்குள் அந்த வாசனை வந்ததும், சின்ன வயதில் சோமனூரிலிருந்து சுற்றுலா போன சிநேகிதர்கள் நாங்கள் நாலு பேரும் பகலெல்லாம் கடலோரமாகவே நடந்து சேர்ந்த மீன்பிடித் துறைமுகம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. மீனவர்கள் மணலில் வலைகளை உலர விரித்துக்கொண்டே போனார்கள். வேடிக்கை பார்த்து நின்ற எங்களைச் சுற்றிலும் நூல். தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலில் கால் பட்டால் அடி வாங்கி வளர்ந்த தறிக்காரப் பிள்ளைகள், அசையாமல் நின்றோம்.

"ஏனுங்க, நூலை மிதிக்கலாமுங்களா?" என்றான் செல்வன், அழுகிற குரலில்.

"மிதிச்சுக்கிட்டே வாங்கடா, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார் வலைக்காரர்.

மற்ற மூவரும் மிதித்துக்கொண்டு போனார்கள். நூலில் கால் வைக்க மனம் வராமல் நின்ற என்னைத்தான் அவர் தூக்கி வெளியே விட்டார்.

அந்தத் துறைமுகத்தைக் கடல் தின்றுவிட்டது. மூவரும் தறியை விட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் பாவுக்கு நடுவில் நிற்கிறேன். தூக்கி விடத்தான் ஆளில்லை.