எழுந்திருக்க வராத நாற்காலி

இந்திரா நகரில் புதிதாகத் திறந்திருக்கும் நாற்காலி மேசைக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். வாங்கும் உத்தேசம் இல்லை. என் செருப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனாலும் கடையில் நின்றிருந்த பெண் மரியாதையாக, "உக்காந்து பாருங்க மேடம், டிசைனர் பீஸ்" என்றாள். வளைத்த இரும்புக் கம்பிகள், நான்கு முனைகளில் மாட்டித் தொங்கும் கித்தான் துணி. உட்கார்ந்தேன். அதாவது, விழுந்தேன். துணியின் வாசனை மூக்கில் ஏறியதும் இந்திரா நகர் போய்விட்டது. நான் பிறந்து வளர்ந்த மர்பி டவுன் வந்துவிட்டது.

உங்களுக்கும் தெரிந்த வாசனைதான். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்த கூடாரத்தின் வாசனை.

அறுபதுகளின் தொடக்கம். அப்பா கண்டோன்மெண்டில் ஒரு கம்பெனியில் பியூன். வெள்ளைக்காரத் துரையின் அறை வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல். மணி அடித்தால் எழ வேண்டும். அடிக்காவிட்டாலும், யார் கடந்துபோனாலும் எழ வேண்டும். ஒருநாள் ஹெட் கிளார்க் கடந்துபோனபோது அப்பா எழவில்லை. திமிர் இல்லை, உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. மறுநாள் ஸ்டூல் இல்லை. அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை நின்றார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கால் வீங்கி, அம்மா உப்புப் போட்டு வெந்நீர் வைத்த அன்றுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

பிறகு துரை ஊருக்குப் புறப்பட்டபோது ஆளுக்கொரு சாமான் கொடுத்தார். மற்றவர்கள் கடிகாரம் கேட்டார்கள், அலமாரி கேட்டார்கள். அப்பா கேட்டது, துணி கிழிந்து பின்வராந்தாவில் கிடந்த, இதே மாதிரி நாற்காலியின் கம்பிக் கூட்டை. தலையில் கவிழ்த்துக்கொண்டு அல்சூர் வழியாக நடந்தே வந்தார். "இன்னா முனுசாமி, கோழிக் கூண்டா?" என்று தெருவே சிரித்தது.

அம்மா சிவாஜி நகர் பழைய சாமான் கடையில் பட்டாளத்துக் கூடாரத் துணி வாங்கித் தைத்தாள். அதில் கறுப்பு மையில் ஏதோ ஒரு நம்பர். அது அப்பாவின் ஆபீஸ் நம்பர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

அதில் நேராக உட்கார முடியாது. முழங்கால் மேலே, இடுப்பு கீழே, முகம் கூரையைப் பார்க்கும். புடவையோடு ஒருமுறை உட்கார்ந்த அம்மா, "இது மனுசன் குந்துற எடமா" என்று கிணற்றிலிருந்து ஏறுகிறவள்போல் வெளியே வந்தாள். அப்பா மட்டும் ஞாயிறுதோறும் அதில் கிடந்தார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஹெட் கிளார்க் வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினார். ஆபீஸ் பீரோ சாவி அவசரமாக வேண்டும். அது அப்பாவிடம்தான் இருக்கும். நான் அப்பாவின் கால்களைப் பார்த்தேன். அவை அசையவில்லை.

"ஏம்பா முனுசாமி, படுத்தே கெடக்கியே. ஜுரமா?"

"இல்ல சார். இதுல குந்துனா எழுந்துக்க வராது. துரையே கஷ்டப்படுவாரு." என் பக்கம் திரும்பி, "அம்மாடி, ஆணில சாவி கீது பாரு. சாருக்கு எடுத்துக் குடு."

சாவி வரும்வரை ஹெட் கிளார்க் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல எங்களிடம் வேறு நாற்காலி கிடையாது. சாவியை வாங்கிக்கொண்டு போனார். சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா உள்ளேயிருந்து, "கொழம்பு ஆறுது" என்றாள். அப்பா ஒரே எம்பில் எழுந்து, தட்டின் முன் போய் உட்கார்ந்தார்.

"இன்னாயா, எழுந்துக்க வராதுன்ன?"

"இப்ப வந்துச்சி."

மறுநாள் ஸ்டூல் திரும்பி வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. ஓய்வு பெறும்வரை நின்றார். ஆனால் அதன் பிறகு நிற்கிற விதமே வேறு என்று அம்மா சொல்வாள். அவள் அந்த ஆபீஸைப் பார்த்ததே இல்லை.

தென் அமெரிக்காவில் கட்டடக் கலைஞர்கள் மூன்று பேர் இந்த நாற்காலியை வரைந்தார்களாம். கடையில் மாட்டியிருந்த அட்டை சொன்னது. யாருக்காகவும் சட்டென்று எழ வேண்டியிராத ஒருவனை மனத்தில் வைத்து வரைந்திருப்பார்கள்.

துரையின் மணி இப்போது இல்லை. எங்கள் வரிசை வீடு இல்லை, சாவி மாட்டிய ஆணி இல்லை. நாற்காலி கடைசியில் அவரைக்கொடிக்குப் பந்தலாக நின்று, துருப்பிடித்து ஒடிந்தது. அப்பாவும் போய்விட்டார்.

"கை குடுக்கவா மேடம்?" என்றாள் கடைப் பெண். என்னால் உண்மையிலேயே எழ முடியவில்லை. அவள் கையைப் பிடித்து எழுந்தபோதுதான் கவனித்தேன், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் நாற்காலிகள்.

"நீ எப்பம்மா உக்காருவே?"

"கடை மூடுனதும் மேடம்" என்று சிரித்தாள்.