ஒரே நாளில் இரண்டு சந்திப்புகள்

அம்மாவின் சிகிச்சைக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். மனநல மருத்துவர்: மாதம் ஒருமுறை, பத்து நிமிடம், மாத்திரைக்காக, அரசாங்க மருத்துவ அட்டையில். உளவியலாளர்: வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடம், பேசுவதற்காக, அப்பாவின் வேலையிடக் காப்புறுதியில். மருத்துவரிடம் பிரெஞ்சுதான், நான் மொழிபெயர்ப்பேன். உளவியலாளர் தமிழ்ப் பெண். அங்கே நான் தேவையில்லை.

அந்த ஐம்பது நிமிடத்துக்காக அம்மா செயின்ட்-மிஷேலிலிருந்து நகரின் மறுகோடியில் இருக்கும் பியர்பொன்ட்ஸ் வரை மெட்ரோவிலும் இரண்டு பஸ்களிலும் மாறிப் போனார். பனிக்காலத்தில் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவர். அப்பாவிடம் நீரிழிவு வகுப்பு என்று சொல்லியிருந்தார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. போய்வந்த நாட்களில் சமைக்கும்போது வானொலியைப் போட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ரசீதைக் கோட்டுப் பையில் நான்காக மடித்துக் கொண்டுவருவார். நான் படமெடுத்துக் காப்புறுதித் தளத்தில் ஏற்றுவேன். உறுப்பினர் அப்பாதான், ஆனால் அவருடைய கடவுச்சொல்லையே நான்தான் உருவாக்கினேன், வங்கிக் கணக்கையும் நான்தான் பார்ப்பேன். அறிவித்தல்களை என் மின்னஞ்சலுக்கு மாற்றியிருந்தேன். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். இந்த ரகசியத்திலும் எங்கெல்லாம் பிழை வரலாம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அடைத்திருந்தேன்.

பெப்ரவரியில், அம்மாவுக்குப் பனியில் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும் என்று, இரண்டு சந்திப்புகளையும் ஒரே நாளில் வைத்தேன். காலையில் மருத்துவர், மதியம் உளவியலாளர். உளவியலாளரிடம் தொடர்ந்து போகச் சொல்லி மருத்துவர் அன்று தந்த பரிந்துரைக் கடிதத்தையும் ரசீதோடு சேர்த்து அனுப்பினேன். இரண்டிலும் ஒரே தேதி. அரசாங்கம் ஏற்கெனவே பொறுப்பேற்ற சிகிச்சைதானா இது என்று காப்புறுதிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவர்கள் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. உறுப்பினருக்குத் தபாலில் கடிதம் போடுகிறார்கள். என் பட்டியலில் அந்த வரி இல்லை.

வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அது வந்த வாரம் வேலை விஷயமாக டொரொண்டோவில் இருந்தேன். அப்பா பொறுக்காமல், டோர்வல் விமான நிலையத்தில் தன்னோடு பெட்டி ஏற்றுகிற ஒருவரிடம் சாப்பாட்டு அறையில் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் பெயர், சிகிச்சையின் பெயர், தேதிகள். வாசித்தவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தபடி, "உமக்குத்தான் மறை கழண்டதெண்டு நினைச்சன். மனுசிக்குமோ?" என்றாராம். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து இதை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் திரும்பியபோது கடிதம் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. அப்பா கோபப்படவில்லை.

"போகட்டும் பிள்ளை. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். வேறு நாளில் போகலாம், நான் கூட வருகிறேன், வாசலிலேயே நிற்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இனி அங்க வாய் திறந்தா அந்த மேசையில சிரிச்ச ஆக்கள்தான் கண்ணுக்கு முன்னால நிப்பினம். என்னாலை ஏலாது பிள்ளை."

அப்பாவின் கையெழுத்தை வாங்கிக் காப்புறுதிக்குப் பதில் அனுப்பினேன். இரண்டும் வேறு வேறு. ஒன்று மருந்துக்கு, மற்றது பேச்சுக்கு. ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இந்த வருடத்துக்கு இன்னும் எத்தனை சந்திப்புகள் மீதம் என்று தளம் இப்போதும் காட்டுகிறது.

மார்ச்சில் மருத்துவரிடம் போனோம். நித்திரை, பசி, மாத்திரை என்று வழக்கமான கேள்விகள். கடைசியாக, உளவியலாளரிடம் தொடர்ந்து போகிறாரா என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். அவர் மடியில் கிடந்த கையுறைகளைப் பார்த்துக்கொண்டே, "ஓம் எண்டு சொல்லு," என்றார்.

அந்த அறையில் அம்மாவின் ஒரு சொல்லையும் நான் மாற்றிச் சொன்னதில்லை. அன்றும் மாற்றவில்லை. மருத்துவர் நல்லது என்று தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.