ஆடி வெயிலில் விண்டர் காஸ்

ஜூலியசுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மல்வேர்னில் ஒரே வளவில் நிற்கிற அறுபத்திரண்டு டவுன்ஹவுசுக்கும் புல்லு வெட்டுகிற மனிசன் அவர். ஊரில் கரம்பனிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க்டேலில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, முதுகு நோவோடு இந்தப் புல்லு மெசினைப் பிடித்துப் பதினாலு கோடை. ஞாயிறு பூசைக்குப் போனாலும் கோயில் வளவுப் புல்லு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் கண் போகும்.

அந்த வீட்டுத்தொகுதியின் புது மனேஜர் பிள்ளை ஜெசிகா, "மூண்டு மணிக்கு வந்து பாப்பன், வெட்டி முடியாட்டி வேற கொம்பனிக்குக் குடுப்பன்" என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து மெசின் கால்மணித்தியாலம் ஓடும், நிற்கும். பிளக்கைத் துடைத்தார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு விட்டுப்போனது. அவரது வான் வண்டிக்குள் கிடந்த சிவப்புப் பெற்றோல் கானோ வயிறு ஊதினமாதிரி நின்றது.

மூடியைத் திறக்க, புஸ் என்றது. ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டார். பொருளாதாரத் தடை நேரம் ஊரில் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலைப் பிடிக்கிற முறை அது. கலந்ததென்றால் பிசுபிசுத்து நிற்கும். இது விட்ட கையோடு காய்ந்தது.

பெயின்ற் தின்னரைத்தான் கலந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, நேரே பெற்றோல் வாங்கின நவரட்ணத்தின் காஸ் ஸ்டேசனுக்குப் போனார்.

"என்னத்தையடா கலந்து அடிச்சனீ?"

நவரட்ணம் கவுண்டரை விட்டு எழும்பவில்லை. "ஒண்டும் கலக்கேல்லை அண்ணை. உது விண்டர் காஸ்."

"ஆடி மாசத்திலயோ? போன குளிருக்க மிஞ்சின பழசை என்ர தலையில கட்டியிருக்கிறாய்."

"பழசில்லையண்ணை, நேற்று வந்தது. குளிருக்குக் கார் ஸ்ராட் வாறதுக்கெண்டு, கெதியா ஆவியாகிறமாதிரிச் செய்யிறது. கோடையில விக்கக் கூடாதெண்டு சட்டம். இப்ப தட்டுப்பாடெண்டு கொஞ்ச நாளைக்குச் சட்டத்தைத் தளத்தியிருக்கிறாங்கள்."

"தளத்தினவங்கள் என்ர மெசினிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"அது சூட்டில குழாய்க்குள்ள குமிழி பிடிச்சு நிக்குது. நிழலில விட்டு, ஈரத்துணி சுத்துங்கோ."

பிழை விட்டேன் என்று சொல்லுகிற பழக்கம் ஜூலியசுக்கு இல்லை. ஒரு பை ஐஸைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்.

ஐஸ் தண்ணியில் துவாயை நனைத்துக் குழாயில் சுற்ற, மெசின் அரை மணித்தியாலம் ஓடியது. பிறகு நின்றது. மரநிழலில் ஆறும்வரைக்கும் அவர் நடப்பதும், மணிக்கூட்டைப் பார்ப்பதும், திரும்ப நடப்பதும். மூன்று மணிக்கு ஜெசிகாவின் கார் வந்தபோது பின்வளவு வெட்டாமல் கிடந்தது.

"என்ன அங்கிள், மெசினுக்குக் காய்ச்சலா?"

"ஓம் பிள்ளை. கோடையில குளிர்காலத்துச் சாப்பாடு குடுத்தால் வேற என்ன வரும்?"

விசயத்தைச் சொன்னார். அவள் நம்பாமல் போனில் தேடிப் பார்த்தாள். பார்த்து முடிய முகம் கொஞ்சம் இளகியது.

"ஓகே, சிக்ஸ் வரைக்கும் ரைம். பட் அங்கிள், நெக்ஸ்ட் இயர் எல்லாம் பற்றரி மெசின்தான். காஸ் மெசின் உள்ள வரேலாது."

"அடுத்த வருசம் பற்றரியைப் பாப்பம். இப்ப வழி விடு பிள்ளை."

ஆறு மணிக்கு இருபது நிமிசம் இருக்க, கடைசி வேலியோரமும் முடிந்தது. வேலை கையை விட்டுப் போகவில்லை. மனம் மட்டும் ஆறவில்லை. வானுக்குள் ஏறினவுடன் மகள் மெலனிக்குப் போன் அடித்தார்.

"பிள்ளை, உந்தப் பற்றரி மெசின் ஒருக்கா சார்ஜ் போட்டால் எத்தினை வீட்டுப் புல்லு வெட்டும்?"