நாடி காட்டிய மெஷின்

எனக்கு மாடு பார்க்கத் தெரியும். பல்லைப் பார்ப்பேன், சுழி பார்ப்பேன், நாலு எட்டு நடத்திப் பார்ப்பேன். அந்தத் திமிரில்தான் உடற்பயிற்சி மெஷினையும் பார்த்து வாங்கிவிடலாம் என்று பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. தினமும் நடக்க வேண்டும், நாடித்துடிப்பு எகிறினால் உடனே வந்துவிட வேண்டும் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவை விட்டு இறங்கினால் மெயின் ரோடு. சிமெண்டு லாரி போகிற போக்கில் மனுஷனை அங்கே யார் நடக்கவிடுவது? அப்போதுதான், நின்றபடியே மிதிக்கிற எலிப்டிகல் மெஷின் ஒன்று அரியலூரில் விலைக்கு வருவதாகத் தெரிந்தது.

விற்றவர் ஒரு அம்மா. கணவர் தவறிப்போய், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தார். ஹாலில் வேறு சாமானே இல்லை. அந்த மெஷின் மட்டும் நின்றது. செத்தவர் சாமானா என்று மனசு இடறத்தான் செய்தது. முதலாளி செத்தால் மாடு என்ன பண்ணும் என்று என்னையே அதட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். ஏறி மிதித்தேன், ஆட்டமில்லை, கிறீச்சென்ற சத்தமில்லை. இறங்கிய பிறகும் மிதிகட்டைகள் இரண்டும் தானாக மேலும் கீழும் போய்வந்தன. நான் ஒரு எட்டு பின்வாங்கினேன்.

"உள்ள சக்கரம் கனமா இருந்தா அப்படித்தாங்க ஓடும். நல்ல சரக்கு," என்றார் அந்த அம்மா. "கைப்பிடியப் புடிச்சா நாடிகூடக் காட்டும். அவரு அதைப் பாக்காம ஒருநாளும் இறங்க மாட்டாருங்க."

பிடித்தேன். எழுபத்திரண்டு என்றது. அந்த அம்மா பேரமே பேசவில்லை. "எடுத்துட்டுப் போங்க" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது புதிதாக ஓட ஆரம்பித்திருந்த குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னக்கா, மாமா நடந்துகிட்டே இருக்காரு, இன்னும் ஊரு வந்து சேரலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. இறங்குவதற்கு முன் கைப்பிடியைப் பிடித்து, "ஏ புள்ள, எழுபத்திரண்டு!" என்று அடுப்படிவரை கேட்கக் கத்துவார். மறுநாளும் எழுபத்திரண்டு. முகம் வெளிறி, சட்டை தொப்பலாக நனைந்த நாளிலும் எழுபத்திரண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம் என்றால், "மெஷினே சொல்லுது, உனக்கு என்னடி?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை, இடது கை குடைகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்க் கட்டிலில் சாய்ந்தார். திருச்சிக்குக் கிளம்புங்கள் என்றேன்.

"நாடி சரியா இருக்குல்ல, சும்மா இரு," என்றார்.

வந்த ஆத்திரத்தை மெஷினிடம் காட்டினேன். வேர்வையைத் துடைக்கத் துணியை நனைத்து, கைப்பிடிகள் இரண்டையும் தொடும்படி மேலே வீசிவிட்டு, வாளியை நகர்த்தக் குனிந்தேன். டிக் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், திரையில் சின்ன இதயம் விட்டு விட்டு மின்னுகிறது. பக்கத்தில் எழுபத்திரண்டு.

ஈரத்துணிக்கு நாடி துடித்துக்கொண்டிருந்தது.

அய்யோ சாமி! துணியை எடுத்தேன், நின்றது. பொரியலுக்கு வைத்திருந்த வாழைத்தண்டைக் கொண்டுவந்து குறுக்கே வைத்தேன். அதற்கும் எழுபத்திரண்டு. செத்துப்போன அரியலூர்க்காரர் கடைசியாக இறங்கியபோதும் இது இதையேதான் சொல்லியிருக்கும் என்று நினைத்ததும் கட்டில் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"ஏங்க! இதை வந்து பாருங்க!"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வாழைத்தண்டையும் அந்த மின்னும் இதயத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையை என்னிடம் நீட்டினார். மணிக்கட்டில் விரல் வைத்தேன். துடித்தது, நின்றது. தடதடவென்று ஓடியது. மறுபடி நின்றது.

திருச்சிக்குப் போகும் காரில் பாடாலூர் தாண்டும்போதும் அந்தக் கையை நான் விடவில்லை. துடிப்பு நிற்கும்போதெல்லாம் அடுத்தது வருமா என்று பயத்தில் என் மூச்சும் நின்றது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். தலைமாட்டுத் திரையில் ஒரு எண் பச்சையாக எரிந்தது.

"கைய விடுங்கம்மா, இனிமே மெஷின் பாத்துக்கும்," என்றாள் நர்ஸ்.

"நீ விடாத புள்ள," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.